இறக்கத்தில் நிற்கிற வண்டி

எங்கள் காருக்கு வயதாகிவிட்டது என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கதவை இரண்டு கையாலும் இழுத்து மூட வேண்டும், மழை நாளில் எந்தக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஓட்டல் துணி வெளுக்கும் கம்பெனியில் என்னோடு இஸ்திரி போடுகிறவர்கள் சொல்கிறார்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகன் போனில் கூப்பிடும்போதெல்லாம் சொல்கிறான். விற்றுவிடு, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடு. எல்லோருக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற என்னை நீ கூட்டிப் போவாயா? அதோடு பேச்சு நின்றுவிடும்.

அந்த விளக்கு இருப்பது நாங்கள் குடியிருக்கிற ஈப்போவில் இல்லை. கோப்பெங் தாண்டி உள்ளே, நானும் என் வீட்டுக்காரரும் பிறந்த தோட்டத்தில். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் போய், செம்பனை வந்து, லய வீடுகளை இடித்து எங்களையெல்லாம் வெளியே அனுப்பி வெகுகாலம் ஆகிவிட்டது. குன்றின் மேல் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. பூசாரி திருவிழாவுக்கு வருவார். மற்ற நாளில் சாவி என்னிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் போய், கூட்டி, கழுவி, விளக்கு வைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். பஸ் கிடையாது. போனில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார்க்காரர்கள் செம்மண் சாலையைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள்.

சாமி எங்கேயும் இருக்கிறது, இப்போது குடியிருக்கிற தாமானில் உள்ள கோயிலிலேயே கும்பிட்டால் ஆகாதா என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தை விற்றபோது எங்களுக்குக் குறைந்தவிலை வீடாவது கொடுத்தார்கள். அம்மனுக்கு யாரும் எங்கேயும் வீடு கொடுக்கவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள். இருக்கிறவள் முன்னால் விளக்கு எரிய வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி கண்ணுக்கு ஏறி, இப்போது நிழல் மாதிரிதான் தெரியும். முன்பு அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்கிறார். உட்கார்ந்து சும்மா இருந்தால் பரவாயில்லை. கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் ஓட்டுவார். கியர் மாற்று, கல்லு வருது, மெள்ள, மெள்ள.

கோயிலிலிருந்து இறங்கும் பாதை நேராகக் கீழே போய், ஒரு வளைவு வளைந்து, ஒற்றைப் பாலத்தில் முடியும். போன வருடக் கடைசியில், மழைக்காலத்தில், அந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபோது ஸ்டீயரிங் என் கையில் நடுங்கியது. காலுக்கடியில் பிரேக்கும் துடித்தது, காய்ச்சல் வந்த பிள்ளையின் நெஞ்சு மாதிரி. வண்டி நின்றது. ஆனால் நிற்க மனசில்லாமல் நின்றது. அன்று இரவு மகன் போனில் கூப்பிட்டபோது வீட்டுக்காரர், வண்டி ஆடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

மகன் வேறு எதுவும் கேட்கவில்லை. பழைய இரும்பு எடுக்கிற ஆள் ஒருவரை அவனுக்குத் தெரியும், லோரியோடு வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பயம். அப்பாவுக்குக் கண் தெரியாது, அம்மா வயசான காலத்தில் கார் ஓட்டுகிறாள், கார் அம்மாவைவிடக் கிழம். தூக்கம் வராது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் தூங்குவதற்காக நான் விளக்கை அணைக்க முடியாது. பிரேக்கைச் சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன், நீயே வந்து பார், அப்புறமும் பயமாயிருந்தால் பேசுவோம் என்றேன். சரி என்றான். ஆனால் இரும்புக்காரரையும் ஒரு சனிக்கிழமைக்கு வரச் சொல்லி வைத்துவிட்டான். முந்தின நாள் வெள்ளிக்கிழமை அவன் வந்து பார்ப்பான். இறக்கத்தில் நின்றால் வண்டி எங்களோடு நிற்கும், நிற்காவிட்டால் இரும்புக்குப் போகும்.

எங்கள் தாமான் முனையில் ஒரு சீனர் பட்டறை வைத்திருக்கிறார். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த டிஸ்க்கைக் காட்டினார். அத்தனை வருடம் அந்தக் காரில் போயும் அதை நான் பார்த்ததே இல்லை. சின்னத் தட்டு மாதிரி வட்ட இரும்பு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டை வந்து இதைப் பிடிக்கும், அதனால்தான் சக்கரம் நிற்கிறது என்று சொன்னார். என் விரலைப் பிடித்து ஓரத்தில் வைத்தார். ஓரம் மட்டும் மேடாக நின்றது, உள்ளே பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு, அதனால்தான் நடுக்கம். கடைசல் பிடித்துச் சமப்படுத்த முடியாதா என்று கேட்டேன். முன்னாலேயே ஒருமுறை பிடித்தாயிற்று, இனி பிடித்தால் அப்பளம் ஆகிவிடும் என்றார். இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டும், பிரேக் கட்டையும் சேர்த்து.

அதோடு இன்னொன்றும் கேட்டார். இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்குகிறாயா? ஆமாம் என்றேன். பின்னே, பக்கத்தில் ஒருவர் மெள்ள மெள்ள என்று சொல்லிக்கொண்டே வந்தால் காலை எங்கே வைப்பது? அப்படி இறங்கினால் எந்த டிஸ்க்கும் சூடேறிக் கெட்டுப்போகும், இரண்டாவது கியரில் போட்டு வண்டியை அதன் பலத்திலேயே இறங்கவிடு, வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடு என்றார். மாரியம்மன் சத்தியமாக, இதை இத்தனை வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

டிஸ்க் கிடைப்பதுதான் பாடாகிவிட்டது. ஈப்போவில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம், இந்தக் காருக்கு இனி வராது, பழைய காரை வெட்டி விற்கிற கடையில் பழசு வாங்கிக்கொள் என்றார்கள். யாரோ எங்கோ ஓட்டித் தேய்த்ததை நான் ஏன் வாங்க வேண்டும்? ஒரு கடைப் பையன் கணினியைப் பார்த்துக்கொண்டே, "ஆண்ட்டி, காடிய மாத்திடுங்கலா, ஈசியா போயிரும்" என்றான். காரையே மாற்றுகிற ஈசியான வழி கேட்டு நான் அங்கே போகவில்லை. கடைசியில் பட்டறைக்காரரே போன் போட்டுப் போட்டு, பீடோரில் ஒரு கடைக்காரர் மேல்தட்டில் ஒரு ஜோடி புதிது வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். பஸ் ஏறிப் போய், இரண்டு அட்டைப்பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரம்மா என்ன, கேக்கா என்று கேட்டார். ஆமாம், கல்யாணக் கேக் என்றேன்.

மகன் வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பட்டறைக்காரர் மாட்டினார். நான் அங்கேயே நின்று பார்த்தேன். பழைய டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். உட்காருகிற இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். துளி துரு அடியில் மாட்டினாலும் புதுசும் ஆடும் என்றார். புதிய டிஸ்க்கின் மேல் இருந்த பிசுக்கை ஒரு மருந்தை அடித்துத் துடைத்தார். எதற்குத் துடைக்கிறார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஆட்டமும் இல்லை, நடுக்கமும் இல்லை. வழியில் நல்ல மழை, ஈப்போ மழை, துடைப்பான் போதாத மழை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். காலையில் சக்கரத்தின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தேன். பளபளவென்று இருந்த டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. ஒரே ராத்திரியில். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். இரும்பு என்றால் அவருக்குத் தெரியும். தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் கத்தியைத் தினமும் துடைத்து எண்ணெய் பூசி வைத்த கை அது. எங்கள் ஆட்கள் வீட்டில் எந்த இரும்பும் காய்ந்து கிடக்காது. ஆயுதபூசைக்கு அரிவாள், கத்தரிக்கோல், தையல்மிஷின் எல்லாம் எண்ணெயில் மின்னும்.

"புது இரும்பு காஞ்சு கெடக்கு புள்ள. அதான் துரு ஏறுது. எண்ணெ போடணும்" என்றார்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வேறெதில் அவர் எனக்கு ஒத்தாசை செய்ய முடிகிறது? சாமி மேடையிலிருந்து விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் துணியில் தோய்த்து, சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கையை விட்டு, தடவித் தடவிப் பூசினார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி, மிச்சத்துக்கும் பூசினார். பொறுமையாக, ஒரு இடம் விடாமல். முடித்ததும் நான் சந்தனம் குழைத்து இரண்டு டிஸ்க்கிலும் பொட்டு வைத்துக் குங்குமம் இட்டேன். கற்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். அம்மா, உன் வீட்டுக்கு வருகிற வண்டி, நீதான் பிடித்து நிறுத்த வேண்டும் என்று கும்பிட்டேன்.

மகன் அரை நாள் லீவு போட்டு மத்தியானம் வந்து சேர்ந்தான். சாப்பிட்டான். போகலாமா என்றான். நான் ஏறி வண்டியைப் பின்னால் எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எங்கள் வாசல் ரோட்டைப் பார்த்துச் சாய்வாக இறங்கும். கேட்டைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. இன்னும் மிதித்தேன். வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. கையால் இழுக்கிற பிரேக்கை இழுத்தேன். எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. தொட்டியைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. மகன் கேட் பக்கத்தில் கையைத் தூக்கியபடி நின்றான். அவன் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "ம்மா, போதும்மா. நாளைக்கு லோரி வரட்டும்" என்றான்.

பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அம்மன் மன்னிக்கட்டும். அப்போதுதான் முன்சக்கரத்துப் பக்கமிருந்து அந்த வாசனை வந்தது. சூட்டில் நல்லெண்ணெய். எங்கள் கோயிலில் விளக்கு எரியும்போது வருகிற அதே வாசனை. வீட்டுக்காரர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வாசனை போயிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்யா" என்றார் மகனிடம். "துருவுக்கு எண்ணெ போட்டேன்."

"பிரேக்குக்கா? நல்லெண்ணெயா?" மகனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது போல. "ப்பா, என்னாப்பா நீங்க."

அவர் அப்படித் தலைகுனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. கண் போன மனுஷன், தன்னால் ஆன ஒரு வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

"எண்ணெ அவரு போட்டாரு, கிண்ணத்த எடுத்துக் குடுத்தவ நானு. சந்தனம் வச்சதும் நானு. தப்பு எங்க மேல. காடி என்னா செஞ்சிச்சு? எங்க தப்புக்கு அத ஏன் இரும்புக்குப் போடணும்?" என்றேன். "தப்பு செஞ்ச எங்களத் தூக்கிட்டுப் போகச் சொல்லு லோரிய."

மகன் குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்தான். பிறகு, பட்டறைக்காரர் வந்து பார்க்கட்டும், அதன்பிறகு சொல்கிறேன் என்றான். அதுவே எனக்குப் போதும்.

பட்டறைக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்தார். சக்கரத்தைக் கழற்றினார். எண்ணெயில் ஊறிப் பளபளக்கிற டிஸ்க்கையும் அதில் வழிந்த குங்குமத்தையும் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். இந்தத் துரு ஒரு துருவே இல்லை, மழையில் எல்லா டிஸ்க்குக்கும் வரும், வண்டியை எடுத்து நாலு முறை பிரேக் போட்டால் தானாகப் போய்விடும் என்று விளக்கினார். உலகத்தில் எந்த இரும்புக்கு வேண்டுமானாலும் எண்ணெய் போடு, இதற்கு மட்டும் ஒரு சொட்டும் கூடாது. கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டது, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்க்குக்குச் சேதமில்லை.

புதுக் கட்டை எடுத்துவர அவர் போனபோது, மருந்தையும் துணியையும் நான் வாங்கிக்கொண்டேன். டிஸ்க் இரண்டையும் நானே துடைத்தேன். துணியில் எண்ணெய் ஏறாமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்தேன். சந்தனத்தைத் துடைக்கும்போது மட்டும் கை தயங்கியது. திரும்பி வந்தவர் அதைக் கவனித்தார். அவர் பட்டறையிலும் சிவப்பு மேடையில் ஊதுபத்தி எப்போதும் புகையும். அவருக்குச் சொல்லத் தேவையில்லை. டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி எழும்பிய இடத்தைத் தட்டிக் காட்டி, சாமிக்கு வைக்கிறதாக இருந்தால் இங்கே வை, கட்டை இந்த இடத்தைத் தொடாது என்றார். வைத்தேன். பழைய பழக்கத்தை விட்டுவிடு என்று மகன் சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் விடுவதாகவும் இல்லை. பொட்டு வைத்தது தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு.

கட்டையும் டிஸ்க்கும் புதுசு, ஒன்றோடு ஒன்று பழக வேண்டும், முதலிலேயே இறக்கத்துக்குக் கொண்டுபோகாதே என்றும் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். கோப்பெங் போகும் வழியில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளை ஒட்டிப் போகும் ஆளில்லாத நேர்சாலையில் பழக்கினேன். வேகமெடுப்பது, பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைப்பது, முழுசாய் நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது. பின்சீட்டில் மகன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "இப்பப் புடிக்குது" என்றார். அவர் சொன்னதும் எனக்குக் காலில் தெம்பு வந்தது.

கோயிலைத் திறந்து, கூட்டி, கழுவினோம். மகன் கிணற்றுத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தான். விளக்கேற்றினேன். வழக்கமாகப் பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும், அவர் கண் இதற்கு மேல் போகக்கூடாது என்று கேட்பேன். அன்று ஒன்றும் கேட்கவில்லை. வந்துவிட்டேன் பார் என்று மட்டும் சொன்னேன்.

கதவைப் பூட்டிவிட்டு வரும்போது மகன் வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். இறக்கத்தை எட்டிப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் பாலம் தெரியாது, வளைவும் செம்பனையும்தான் தெரியும்.

"ம்மா, நான் ஓட்டுறேன். நீங்க பின்னால ஒக்காருங்க."

அவன் கேட்டதில் தப்பில்லை. நான் சாவியைக் கொடுத்திருந்தால் அவன் நன்றாகத்தான் இறக்கியிருப்பான். கொடுக்கவில்லை.

"நீ இன்னிக்கு எறக்கிருவ. நாளைக்குக் கோலாலம்பூரு போயிருவ. அடுத்த வெள்ளிக்கெழம யாருய்யா எறக்குவா?" என்றேன். "எனக்குப் பயம் வந்தா நானே ஒனக்குப் போன் போட்டுச் சாவியக் குடுத்துருவேன். ஒனக்குப் பயம் வந்ததுக்கு நான் குடுக்க முடியாது."

வண்டிக்குள் இருந்து வீட்டுக்காரர், ஏறுய்யா, இருட்டுது என்றார். மகன் பின்னால் ஏறிக் கதவை இரண்டு கையாலும் இழுத்து மூடினான்.

இரண்டாவது கியரில் போட்டேன். வண்டி முனகிக்கொண்டு தன் பலத்திலேயே இறங்கியது. பிரேக்கில் கால் வைக்கவில்லை. வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம், வைப்பது சுலபம். பக்கத்திலிருந்து மெள்ள மெள்ள என்று வரவில்லை. வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி மிதித்தேன். ஸ்டீயரிங் என் கையில் அசையாமல் இருந்தது. காலை எடுத்தேன், வளைத்தேன். பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல், எங்களைப் பார்த்து, செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது.

பின்னால் மகன் மூச்சை இழுத்தது கேட்டது. நான் மிதித்தேன். வண்டி சாலை ஓரமாக, பாலத்துக்கு நல்ல தூரம் முன்பாகவே நின்றது. இழுக்காமல், வழுக்காமல், நடுங்காமல் நின்றது. லோரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். செம்மண் தூசி அடங்கும்வரை காத்திருந்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். மகன் போனை எடுத்து ஏதோ அழுத்திக் காதில் வைத்தான். எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

"இங்க லைன் இல்ல" என்றான்.

"யாருக்குய்யா?" என்று கேட்டார் அவர்.

"அந்த இரும்பு லோரிக்காரருக்கு. நாளைக்கு வர வேணான்னு சொல்லணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும், ஓட்டுகிறவள் அழக்கூடாது. பெரிய ரோட்டுக்குப் போனால் லைன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, முதல் கியரில் போட்டுப் பாலத்தில் ஏற்றினேன்.